நாற்காலிக்கு என்ன தகுதி?

(வெண்மணி நினைவு நாளை ஒட்டி மன்னார்குடியில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணியின் 44 உயிர்களை நினைக்கும் நாளில் எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. சட்டம் படிக்கும் பிள்ளை. அவர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். "தோழர், அரசாங்க வண்டி ஓட்டணும்னா எட்டாவது படிச்சிருக்கணும்கிறாங்க. ஊராட்சித் தலைவருக்கு மட்டும் படிப்பும் வேணாம், அனுபவமும் வேணாமா? எங்க ஊர்ல தலைவர் நம்ம ஆளுதான். ஆனா கையெழுத்து மட்டும்தான் அவர் போடுறார். ஆட்சி வேற ஆளு பண்றார். படிச்சவங்கதான் நிக்கணும்னு சட்டம் போட்டா இந்த அவமானம் போயிடும்ல?" என்று கேட்டார்.

இதே கேள்வியை ஆதிக்க சாதியினர் கேட்டால் நமக்குப் பதில் தயாராக இருக்கும். நம் பிள்ளையே கேட்கும்போது கோஷம் போட்டுத் தப்பிக்க முடியாது. அவர் கேள்விக்குள் ஒரு வலி இருக்கிறது. அந்த வலிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வரலாற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். ஏனென்றால் 'தகுதி' என்ற சொல்லை நம் மக்கள் முதல் தடவையாக இன்றைக்குக் கேட்கவில்லை. நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வாக்குக்கே தகுதி கேட்ட காலம்

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. யாருக்கு ஓட்டு? நிலவரி கட்டுகிறவருக்கு, வருமான வரி கட்டுகிறவருக்கு, சொத்து உள்ளவருக்கு. மாகாணத்தின் மக்கள் தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். பண்ணையாளாக இருந்தவன் எந்த வரியைக் கட்டுவான்? அவன் குடியிருந்த மனையே மிராசுதாருடையது. அதனால்தான் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சட்டமன்றத்துக்குள் நியமன உறுப்பினர்களாகப் போனார்கள். பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை வேண்டும் என்று அந்த அவையில் பேச வேண்டிய நிலையும் அவர்களுக்குத்தான் இருந்தது. மற்ற உறுப்பினர்களில் பலர் பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள். தெருவில் நடப்பது ஒரு பிரச்சினை என்பதே அவர்கள் அனுபவத்தில் கிடையாது.

1928-29இல் சைமன் குழுவை ஒட்டிய விசாரணையில் அண்ணல் அம்பேத்கர் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். எழுத்தறிவை வாக்குக்குத் தகுதியாக வைக்கலாம் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தன் நன்மை தீமை தெரியாது என்பது தவறு. ஒருவனைப் படிக்கவிடாமல் வைத்தவர்களே, அவன் படிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி அவனை வெளியே நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. வாக்குரிமை என்பது கூடி வாழ்வதற்கான விதிகளை முடிவு செய்யும் உரிமை. பேரம் பேச வலு இல்லாதவனுக்கு அது முதலில் வேண்டும்.

இதைச் சொன்னவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டம் வாங்கியவர். படிப்பின் அருமை தெரியாமல் பேசியவர் இல்லை. படிப்பு எவ்வளவு தூரம் உதவும், எங்கே கைவிடும் என்பதும் அவருக்கே தெரியும். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது அத்தனை படிப்பும் அவருக்குத் தங்க ஓர் அறை வாங்கிக் கொடுக்கவில்லை.

தமிழர்கள் வாழ்ந்த இன்னோர் இடத்தையும் பார்ப்போம். இலங்கையில் டொனமூர் குழு வயது வந்தோருக்கான வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1931இல் அது நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் சர் பொன்னம்பலம் ராமநாதன். சைவமும் கற்றவர், சட்டமும் கற்றவர், அரசியல் அனுபவத்தில் அன்றைக்கு அவருக்கு ஈடு குறைவு. அத்தனை கல்வியும் அனுபவமும் சேர்ந்து அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று பாருங்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அந்தச் சட்டத்தில் நிறமே இருக்காது. ஆனால் கேள்வி கேட்கும் அலுவலர் வெள்ளையர். யார் தேற வேண்டும், யார் தேறக் கூடாது என்பது அவர் கையில். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அந்தத் தேர்வுகளின் முதுகெலும்பை முறித்தது. பொதுவான சொற்களில் எழுதப்பட்ட தகுதி குறிப்பிட்ட ஒரு மக்களை மட்டும் வெளியே நிறுத்தும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தில் அனுபவசாலிகள் யார்?

இப்போது ஊருக்கு வருவோம். நம் பகுதியில் நிர்வாக அனுபவம் யாருக்கு இருந்தது? மிராசுதாருக்கும் அவருடைய காரியக்காரருக்கும் இருந்தது. நூற்றுக்கணக்கான வேலி நிலம், ஆட்கள், விதை, களம், கணக்கு எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக நிர்வகித்தவர்கள். வட்டார வாரியங்களிலும் மாவட்ட வாரியத்திலும் பெரும்பாலும் அவர்களும் அவர்களுடைய வக்கீல்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். அனுபவம்தான் அளவுகோல் என்றால் இந்தியாவிலேயே மேலான ஆட்சி கீழத்தஞ்சையில் நடந்திருக்க வேண்டும்.

என்ன நடந்தது? 1937 டிசம்பரில், இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள நீடாமங்கலத்தில் காங்கிரஸ் அரசியல் மாநாடு நடந்தது. சமபந்தி என்று நம்பிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட தலித் பண்ணையாட்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். மொட்டையடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை' இதழ் அதை வெளியே கொண்டுவந்தது. மாகாணத்தில் அப்போது ராஜாஜியின் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. பந்தியில் உட்கார்வதற்கு ஒரு தகுதி தேவைப்பட்டது. அந்தத் தகுதி பிறப்பிலேயே அவர்களுக்கு இல்லை என்று தீர்ப்பாகியிருந்தது. 'உட்கார்ந்தான்' என்பதுதான் குற்றம். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

1943இல் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்தார். தென் கன்னடத்துக்காரர். தமிழையே பழகிக்கொண்டவர். மன்னார்குடிக்குத் தெற்கே தென்பரையில் விவசாயிகள் சங்கக் கிளை தொடங்கியது. களப்பாலில் குப்பு எழுந்தார். தலித் குடும்பத்தில் பிறந்த அந்த மனிதரிடம் எந்தப் பட்டமும் இல்லை. எந்தப் பதவியிலும் அனுபவம் பெற்று அவர் தலைவராகவில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் என்னவென்று சேரிக்குத் தெரியும். எதை நிறுத்தினால் மக்கள் நிமிர்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுதான் 1944இல் நம் ஊர் பெயரிலேயே வழங்கும் மன்னார்குடி ஒப்பந்தம் வரை கொண்டுவந்தது. சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்துவதும் கூலியை உயர்த்துவதும் அதில் வந்தன. கீழே நிற்க வேண்டியவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் சங்கத்தோடு மிராசுதார்கள் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் உயிரிழந்தார். படிப்பின் அடிப்படையில் தலைவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் மன்னார்குடி வரலாற்றில் களப்பால் குப்பு என்ற பெயரே இருந்திருக்காது.

1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை ஏதோ ஓர் அறிஞரின் கருணை என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதே ஆண்டுத் தேர்தலில் கீழத்தஞ்சையின் பல இடங்களில் கதிர் அரிவாள் வென்றிருந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பண்ணையாட்கள் சின்னம் பார்த்துப் போட்ட ஓட்டுக்குப் பிறகு வந்த சட்டம் அது. நாடு முழுவதும் அந்த முதல் தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எழுத்தறிவு இல்லாதவர்கள். பெட்டியில் சின்னம் ஒட்டி நடத்தினார்கள். இந்தச் சோதனை தோற்கும் என்று ஆருடம் சொன்னவர்கள் எல்லோரும் படித்தவர்கள்.

1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் என்ன நடந்தது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலியில் கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். நான் சொல்ல வருவது தீர்ப்பைப் பற்றி. கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு காரணம் உங்களுக்குத் தெரியும். இவர்கள் பெரும் நிலக்கிழார்கள், கார் வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது. சொத்து ஒரு காலத்தில் வாக்களிக்கும் தகுதியாக இருந்தது. வெண்மணி வழக்கில் அதுவே குற்றமற்றவர் என்பதற்கான தகுதியானது. தகுதி என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு ஏன் முதுகு சிலிர்க்கிறது என்றால் இதனால்தான்.

அரசியல் சட்டம் எந்தப் பக்கம் நின்றது?

1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் நிறைவுரை ஆற்றினார். இரண்டு குறைகளைச் சொன்னார். ஒன்று, அரசியல் சட்டத்தை இந்திய மொழியில் எழுத முடியாமல் போனது. மற்றொன்று நமக்கு முக்கியம். சட்டத்தை நிர்வகிப்பவர்களுக்கும் நீதி வழங்குபவர்களுக்கும் உயர்ந்த தகுதிகள் கேட்கிறோம். சட்டத்தை இயற்றுபவருக்கு மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தவிர எந்தத் தகுதியும் வைக்கவில்லையே என்றார். நம் சட்டக் கல்லூரிப் பிள்ளை கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் சபை அவர் விரும்பியபடி செய்யவில்லை. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25 வயது, மாநிலங்களவைக்கு 30 வயது, குடியுரிமை, வாக்காளர் பட்டியலில் பெயர். படிப்பு கிடையாது. காரணம் எளிது. தாசில்தார் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வேலை தெரிந்தவரைத் தேடுகிறோம். பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் சார்பில் நிற்கிறவரைத் தேடுகிறோம். வண்டி ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும், சரி. ஆனால் வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைப் பயணம் செய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு உரிமம் கேட்க முடியாது.

மாணவர்கள் ஒரு வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும். 1957இல் ஆந்திராவில் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, ஓர் இடம் பழங்குடியினருக்கு. பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி பொது இடத்தை எதிர்பார்த்து நின்றார். மத்திய அமைச்சராக இருந்தவர், தொழிற்சங்கத் தலைவர், சட்டம் படித்தவர். எண்ணிப் பார்த்தால் பழங்குடி வேட்பாளர்கள் இருவரும் அவரைவிட அதிக வாக்கு பெற்றிருந்தார்கள். இரண்டு இடமும் அவர்களுக்கே. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். அதிக வாக்கு பெற்றவர் பழங்குடி என்பதற்காகப் பொது இடத்தை மறுக்க முடியாது என்று 1959இல் நீதிமன்றம் சொன்னது. பிறகு நடந்ததுதான் பாடம்: 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளையே ஒழித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே இரண்டு முதலமைச்சர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ராஜாஜி வழக்கறிஞர், கவர்னர் ஜெனரலாக இருந்தவர், அனுபவத்தின் சிகரம். 1953இல் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டப்படி செருப்புத் தைக்கிறவர் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள். 1954இல் அடுத்து வந்த காமராசர் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அவர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார், பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார். படிக்காதவர் எல்லோரும் காமராசர் ஆகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. படிப்பு ஒருவர் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லாது என்கிறேன். நமக்குத் தெரிய வேண்டியது அதுதானே?

1996க்குப் பிறகு

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 அக்டோபர் தேர்தல். 1970க்குப் பிறகு 1986இல் ஒரு முறை, அதன் பிறகு பத்தாண்டு இடைவெளி என்று கிடந்த உள்ளாட்சி மறுபடி உயிர் பெற்றது. தலித்துகளும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஊராட்சி மன்றத் தலைவர்கள் ஆனார்கள். அன்றுதான் ஊர் முழுக்க அனுபவத்தைப் பற்றிய கவலை திடீரென்று பிறந்தது. "அவனுக்கு என்ன தெரியும்?" அதுவரை இருந்த தலைவர்களைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி.

மேலவளவில் முருகேசன் தலைவராக வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் குற்றம் அனுபவமின்மையா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை பத்தாண்டுகள் தலித் ஒருவரைத் தலைவராக உட்காரவிடவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது. இருந்தாலும் வென்ற கையோடு ராஜினாமாக் கடிதம் வரும். படித்த தலித் கிடைக்காததாலா இப்படி நடந்தது?

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில். 2022 ஆகஸ்டில் தலித் தலைவர்கள் தடையின்றித் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதி செய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றை இழுக்க எந்தப் பட்டம் வேண்டும்? 1937இல் பந்தியில் உட்கார்ந்தது குற்றம். 2020இல் நாற்காலி. இடையில் 83 ஆண்டுகள்.

சட்டமாகவே தகுதி வைத்துப் பார்த்த மாநிலங்களும் உண்டு. ராஜஸ்தான் 2014 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டது. அதை 2019இல் அடுத்த அரசு நீக்கியது. ஹரியானா 2015இல் சட்டம் போட்டது. பொதுப் பிரிவினருக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் தலித்துகளுக்கும் எட்டாம் வகுப்பு, தலித் பெண் வார்டு உறுப்பினராக நிற்க ஐந்தாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை வேண்டும், மின்கட்டண பாக்கி, கூட்டுறவு வங்கிக் கடன் பாக்கி இருக்கக் கூடாது. ராஜபாலா என்ற பெண்மணியும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். 2015 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் ஆற்றலைத் தருவது கல்வியே என்ற பொருளில் நீதிமன்றம் பேசியது.

அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு எந்த வகுப்பும் தேவையில்லை. நாடாளுமன்றத்துக்கும் தேவையில்லை. ஏணியின் அடிப்படியில் மட்டும் பூட்டு. அந்த அடிப்படியில்தான் நம் பெண்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கூலிக்காரியின் கடன் பாக்கி அவளைத் தடுக்கும். வங்கிகளுக்குக் கோடிக் கணக்கில் பாக்கி வைத்தவர் மாநிலங்களவையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம்.

ஓர் அக்காவின் கதை

இனி, அந்த மாணவரின் வலிக்கு வருகிறேன். ஏனென்றால் அவர் சொன்னது பொய்யில்லை.

நம் வட்டாரத்தில் ஒரு தனி ஊராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். தலைவரான அக்கா நடவு வேலைக்குப் போகிறவர். கையெழுத்தை மட்டும் பழகிக்கொண்டவர். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் ஊராட்சிச் சட்டம். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு ஒதுக்கீடு கிடையாது. எனவே பல தனி ஊராட்சிகளில் துணைத் தலைவர் யாராக இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். காசோலைப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது.

மூன்றாவது வருடம் தணிக்கைத் தடை என்று ஒரு கடிதம் அக்கா பெயருக்கு வந்தது. தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நீ பெரிய படிப்பு படிச்சவன், என்ன போட்டிருக்குன்னு சொல்லு." நான் சமூகவியலில் முதுகலை. மாக்ஸ் வெபரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைப்பு எண், பற்றுச்சீட்டு எண், அளவைப் புத்தகப் பக்கம். எழுத்துகளைப் படித்தேன், அவ்வளவுதான். வெட்கமாகப் போயிற்று. தெரிந்த ஒருவரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "சிறுபாலம் ஒன்று" என்று வந்ததும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார். "எந்த வாய்க்கால்லன்னு போட்டிருக்கு?" சொன்னேன். "அங்க பாலமே கட்டல தம்பி. நாங்க இடுப்பளவு தண்ணில நாத்துக்கட்டைத் தூக்கிட்டுதான் இன்னும் போறோம்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கே இருந்தது. அளவைப் புத்தகத்தில் இருந்த பாலம் வாய்க்காலில் இல்லை. அடுத்த வாரம் ஆய்வுக்கு வந்தவர்களை அக்கா அந்த வாய்க்கால் கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். முழு நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசோலைப் புத்தகம் மன்ற அலுவலகத்துக்கு வந்தது. மீதி இரண்டு வருடமும் தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் அக்கா கையெழுத்துப் போடவில்லை. வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் தண்ணீர் வருகிறது, நூறு நாள் வேலையில் யார் பெயர் விடுபட்டது எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னிடம் இருந்தது வாசிப்பு. அவரிடம் இருந்தது ஊர். இரண்டில் எதை மூன்று மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியும்?

பிறகு சுழற்சி வந்தது. அந்த ஊராட்சி பொது ஆனது. பொது என்றால் நம்மவர் நிற்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. அக்கா சொன்னார்: "இப்பதான் தம்பி எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் எறங்கச் சொல்லிட்டாங்க." அனுபவம் இல்லை என்று சொல்லி உள்ளே விடாதவர்கள், அனுபவம் வந்தபின் வெளியே அனுப்புகிறார்கள். அனுபவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் யாரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

எனவே அந்த மாணவருக்கு என் பதில் இது. உங்கள் ஊர்த் தலைவர் கையெழுத்து மட்டும் போடுகிறார் என்றால், அவரிடமிருந்து காசோலைப் புத்தகத்தைப் பிடுங்கியவர் யார் என்று முதலில் கேளுங்கள். பத்தாம் வகுப்பு படித்தவரை அந்த இடத்தில் வைத்தாலும் அலமாரிச் சாவி அதே வீட்டில் இருந்தால் நிலைமை மாறாது. நிலமும் கூலியும் கடனும் யார் கையில் இருக்கிறதோ அவர்களை எதிர்த்து ஒரு பட்டச் சான்றிதழ் தனியாக நிற்க முடியாது.

அதே சமயம் அறியாமையைப் புனிதமாக்கவும் வேண்டாம். கணக்குத் தெரியாததால் நம் தலைவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் தெரிந்தே விலை போகிறார்கள். நம்மவர் என்பதற்காக அதை மூடி மறைக்கக் கூடாது. கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்கும் வேலை நமக்கும் உண்டு. கற்பி என்று அண்ணல் சொன்னதற்கு, கற்றவன் மட்டும் ஆள வேண்டும் என்று பொருள் கிடையாது. கற்றவனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பொருள்.

அந்த வேலையை நான்காகச் சொல்கிறேன். முதலாவது, உள்ளாட்சித் தேர்தலுக்குக் கல்வித் தகுதி என்ற பேச்சு தமிழ்நாட்டில் எந்தக் கட்சியிலிருந்து எழுந்தாலும் எதிர்ப்பது. இரண்டாவது, தனி ஊராட்சிகளில் துணைத் தலைவரின் கூட்டுக் கையெழுத்து முட்டுக்கட்டையாகும் இடங்களை ஆவணப்படுத்தி, அதற்கு மாற்று ஏற்பாடு கேட்பது. மூன்றாவது, இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு பட்டதாரியும் ஓர் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தையும் வரவுசெலவையும் படிக்கக் கற்றுக்கொண்டு, தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. வாசித்துக் காட்டத்தான், முடிவு எடுக்க அல்ல. முடிவு அவருடையது. நான்காவது, பதவிக்காலம் முடிந்த நம் தலைவர்களை, முக்கியமாகப் பெண்களை, புதியவர்களுக்குப் பயிற்சி தர அழைப்பது. பொது ஊராட்சிகளிலும் அவர்களை நிறுத்துவது. தோற்றாலும் நிறுத்துவது.

அந்த அக்கா இப்போது சம்பா நடவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இன்று இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார். பின்வரிசையில் நிற்கிறார். முன்வரிசையில் நாற்காலி காலியாக இருக்கிறது. நான் பேசி முடித்ததும் மாணவர்கள் யாராவது அவரை அழைத்து வந்து அங்கே உட்கார வையுங்கள். கேள்வி நேரத்தில் உங்கள் ஊராட்சிக் கணக்கைப் பற்றிய கேள்விகளை என்னிடம் கேட்காதீர்கள். அவரிடம் கேளுங்கள்.

வெண்மணி ஈகியர்க்கு வீரவணக்கம். ஜெய்பீம்.